சம்பத்தின் கை

"விரல் பிசகிக்கிச்சிம்மா. நாளைக்கி பஜனையில என் ஆர்மோனியப் பொட்டிக்கி பதிலா நீ உன் கீபோர்ட வாசி" என்றார் சம்பத். வலது கை மோதிர விரலில் சுற்றியிருந்த வெள்ளைத் துணியை மருமகளுக்குத் தூக்கிக் காட்டினார்.

காஞ்சனாவுக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது.

சென்னையில் ஒரு க்ளப்பில் அவள் டிஜே. சனிக்கிழமை மத்தியானம் சத்தியவேட்டில் பஸ் ஏறினால் ஞாயிறு காலைதான் திரும்புவாள். கல்யாணம் பேசும்போது அவள் கணவன் ஹரிபிரசாத் தன் அப்பாவிடம், "பெரிய ஓட்டல்ல கீபோர்டு வாசிக்குது" என்று சொல்லிவைத்தான். ஐந்து வருடமாக அந்தப் பொய் அவர்களோடு சேர்ந்து அதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. புரட்டாசி சனிக்கிழமைகளில் பெருமாள் கோயிலில் மாமனார் வாசிப்பதை ஊரே மெச்சும். காஞ்சனா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இந்த வாரம் க்ளப்பில் தரையைப் பெயர்த்துப் போடுவதால் லீவு. மாட்டிக்கொண்டாள்.

"கீபோர்டு ஓட்டல்லயே கீது மாமா."

"அதுக்கென்னா? சுலோச்சனா டீச்சர் வூட்ல ஒண்ணு கீது. சொல்லி வெச்சிட்டேன்."

"உங்க பாட்டெல்லாம் எனக்குப் பழக்கமில்லயே."

"பதினோரு பாட்டு. எய்தித் தரேன்."

விரல் கட்டோடு உட்கார்ந்து மணி மணியாக எழுதியும் கொடுத்தார்.

சமையலறையில் ஹரிபிரசாத்தை மடக்கினாள். "மாமாகிட்ட உண்மைய சொல்லிடட்டா?"

"இன்னான்னு?"

"டிஜேன்னு."

"அப்புறம் நைனா முன்னாடி நான் பொய்க்காரனா நிக்கறதா?"

"பொய்தானே சொன்னீங்க."

"அது கல்யாணத்துக்கு சொன்னது. இப்ப போயி அத கெளறிக்கினு." அவன் தட்டைக் கழுவிவிட்டு நழுவினான்.

பாட்டுப் பட்டியலைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால், கம்பெனி ஆயுத பூஜைக்கு வேண்டும் என்று ஹரிபிரசாத் கேட்டதும் இதே பாட்டுகள்தாம். பஜனை என்றால் எங்கேயும் இதையேதான் பாடுவார்கள்போலும் என்று நினைத்துக்கொண்டாள். அன்று ஒரு பழைய ஆர்மோனியத்தின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிந்து, பாட்டுப் பாட்டாகக் கோத்து, பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தாள். அவளுடைய பென்டிரைவ் எல்லாவற்றிலும் ஊதா நெயில் பாலிஷில் ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பாட்டுகள் இன்னும் லேப்டாப்பில் இருந்தன.

மறுநாள் சாயங்காலம், கோயில் மண்டபத்தில் சுலோச்சனா டீச்சரின் கீபோர்டைப் பெஞ்சின்மேல் வைத்தாள். அதன் சத்தத்தை அடியோடு குறைத்தாள். மடியில் லேப்டாப், அதன்மேல் ஒரு பட்டுத்துணி. வலது கை கட்டைகள்மேல் ஓடும். இடது கை துணிக்கடியில் வேலை செய்யும்.

"அண்ணா, இந்த ஒயருக்கு மட்டும் லைன் குடுங்க, போதும்" என்று மைக்செட் முனியப்பனிடம் மெல்லச் சொன்னாள். முனியப்பன் எதுவும் கேட்கவில்லை. தினமும் செய்கிற வேலைபோல வாங்கிச் சொருகிவிட்டுப் போனான்.

பஜனைப் பாடகர் கிருஷ்ணப்பா பாட ஆரம்பித்தார். மூன்றாவது பாட்டில் இருமினார். நாலாவதில் ஒரு அடியை விழுங்கிவிட்டு அடுத்த அடிக்குத் தாவினார். காஞ்சனா துணிக்கடியில் விரலை நகர்த்தி, அவர் போய் விழுந்த இடத்தில் ஆர்மோனியத்தைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் தளர்ந்தபோது இசையைத் தளர்த்தினாள். ஜனங்கள் கைதட்ட ஆரம்பித்ததும் இம்மியளவு விரட்டினாள். எதிரே இருப்பவர்களின் மூச்சைப் பார்த்துக்கொண்டே நடப்பதுதான் அவள் தொழில். இருட்டில், குடித்தவர்கள் நடுவில் செய்ததை இன்று முதன்முறையாகத் தெரிந்த முகங்களுக்கு நடுவில் செய்தாள். இதற்குப் பெயர் சங்கீதம் இல்லையென்றால் வேறு என்ன என்று நினைத்தாள்.

"அப்பிடியே சம்பத் கை" என்றாள் முன்வரிசையில் இருந்த கங்கம்மா. "மாமனார் கை மருமகளுக்கு வந்துகிச்சி பாரேன். ஒரு எடத்துல கூட வித்தியாசம் தெர்ல."

சம்பத் தலையைக் குனிந்துகொண்டு தாளம் போட்டார்.

கடைசிப் பாட்டில் அர்ச்சகர் கற்பூரத் தட்டோடு ஒவ்வொருவராக வந்தார். காஞ்சனாவின் முன்னால் தட்டை நீட்டினார். பிறந்ததிலிருந்து பழகிய கைகள் யோசிக்கவா செய்யும்? இரண்டு கையையும் நீட்டி, ஜோதியை ஒற்றி, கண்களை மூடிக் கும்பிட்டாள்.

ஆர்மோனியம் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தது.

கிருஷ்ணப்பா பாட்டை நிறுத்தினார். ஆர்மோனியம் தனியாக அடுத்த அடிக்குப் போனது. பெருமாளே வாசிக்கிறார் என்று நினைத்து கங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சம்பத் எழுந்துவந்து பட்டுத்துணியை உருவினார்.

"பொட்டி மேல கைய வெச்சிக்கினு ஊரையே ஏமாத்தினியா?"

"ஏமாத்தல மாமா. பாடறவரு தப்பு விட்ட எடமெல்லாம் நான்தான் புடிச்சிக்கினு வந்தேன். அதான் என் வேலை. நான் டிஜே."

"டிஜேவா?" அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கல்யாண ஊர்வலத்துல வேன் மேல நின்னுக்கினு கைய ஆட்டுவானே, அதுவா? எவனோ வாசிச்சத ஓட வுட்டுட்டு நானும் கலைஞன்னு சொல்றவனா? விரல் தேயணும்மா. இது நாப்பது வருசம் தேஞ்ச விரல்." கட்டுப் போட்ட விரலை எல்லாருக்கும் தெரிகிறமாதிரி உயர்த்தினார். "இனிமே சனிக்கெழமை மெட்ராஸ் பஸ் ஏறக்கூடாது. என் வூட்ல இந்தத் திருட்டு வேல ஆவாது."

காஞ்சனா கணவனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

ஹரிபிரசாத் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நைனா சொல்றதும் கரெக்ட்தானே" என்றான், போனிடம்.

கூட்டம் சுண்டலோடு கலைந்தது. யாரும் அவள் பக்கம் வரவில்லை. அவள் தன் விரல்களைப் பார்த்தாள். தேயாமல், வழவழவென்று, ஊதா நகங்களோடு இருந்தன. பெரியவர் சொல்வது நியாயம்தானோ? இத்தனை வருடம் தான் தொட்டதெல்லாம் அடுத்தவர் வாசித்ததுதானே? க்ளப்புக்கு என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒவ்வொரு சொல்லாகத் தேடியபடி ஒயரைச் சுருட்டினாள்.

முனியப்பன் பக்கத்தில் வந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"லேப்டாப்ல இந்த வேலயெல்லாம் பண்றீங்களேக்கா. இத கொஞ்சம் பாத்து சரி பண்ணித் தர முடியுமா?"

ஒரு பென்டிரைவ். அதன் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு.

"இது உங்ககிட்ட எப்பிடி?"

முனியப்பன் கோயில் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பெரியவரு விரலுக்கு ஒண்ணுமில்லக்கா, நாலு வருசமா அவருக்கு ஆர்மோனியம் வாசிச்சிக்கினு இருந்தது இதான், போன வாரம் கெட்டுப்பூட்சி."