இஞ்ஞாசி மாமாவின் கம்ப்யூட்டரை நான் எழுப்பிய கதை

பேய் இல்லை என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பேயோடு ஓர் அறையில் தனியாக உட்காரும் வாய்ப்பு அவர்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். கல்லறைத் திருநாளன்று குடும்பமே மெழுகுவத்தியும் பூவுமாகக் கிளம்பும்போது, செத்தவர்களுக்கு எதற்கு வெளிச்சம் என்று வாசலில் நின்று பிரசங்கம் செய்வேன். (அடி வாங்காமல் எப்படி வளர்ந்தேன் என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.) போதாததற்கு ஆறு மாதம் ஹார்டுவேர் கோர்ஸ் படித்து, சர்டிபிகேட்டை லேமினேட் செய்து மாட்டியிருந்தேன். இந்த இரண்டு தலைக்கனமும் ஒரே பிற்பகலில் இறங்கிய கதை இது. நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இஞ்ஞாசி மாமா என் பிலோமினா அத்தையின் கணவர். பிரெஞ்சுப் பள்ளி ஒன்றின் ஆபீசில் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் முதலில் "அலோர்" என்பார். நாம் "அப்புறம்" என்று தொடங்குவோமே, அது மாதிரி பிரெஞ்சுக்காரர்களுக்கு அது. ரிடையர் ஆனதும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, உழவர்கரை வீட்டில் பின்பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு அதோடேயே குடும்பம் நடத்தினார்.

உடம்புக்கு முடியாமல் போனபோது, தேற மாட்டோம் என்பதை டாக்டருக்கு முன்னாலேயே அவர் தெரிந்துகொண்டார். ஒரே மகள் அமலா அப்போது பிரான்சில் வேலையில் இருந்தாள். ஒருநாள் மாமா கம்ப்யூட்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாராம். வெளியே வந்து அத்தையிடம், "அலோர், அமலா கல்யாணத்துல நான் பேச வேண்டியத பேசி வெச்சிட்டேன். பொட்டிக்குள்ள இருக்குது. அன்னிக்குப் போடுங்க" என்றாராம். அடுத்த மாதம் போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்து அமலாவின் கல்யாணம் கூடி வந்தது. இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்றபோது அத்தை கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார். பேச்சுமூச்சு இல்லை. கடைக்கு எடுத்துப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. அத்தை, "விக்டர், கொஞ்சம் வந்து பாரு" என்று எனக்குப் போன் செய்தார்.

நான் போய்த் திறந்து பார்த்து, கம்ப்யூட்டர் செத்தாலும் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் சாகவேண்டும் என்று அவசியமில்லை என்று பெரிய டாக்டர் மாதிரி அறிவித்தேன். பீரோவின் கதவு இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் புடவைக்கு என்ன வந்தது? ஆனால் அந்த டிஸ்க் பழைய ரகம். பட்டையான ரிப்பன் ஒயரில் சொருக வேண்டியது. என்னுடைய புது லேப்டாப்பில் அதற்கு வாயே கிடையாது. மூலக்குளத்தில் என் வீட்டுப் பரணில் அதைவிடப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. மாமாவுக்கு அசெம்பிள் செய்து கொடுத்த அதே கடையில் அதற்கும் முன்னால் வாங்கியது. அதை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து, தூசியோடு தும்மிக்கொண்டே கொண்டுபோய் இறக்கினேன்.

மணி மூன்று இருக்கும். வெளியே நல்ல வெயில். அந்த அறைக்குள் மட்டும் வெயில் வரவில்லை. எட்டு மாதமாக யாரும் புழங்காத இடத்துக்கு ஒரு குளிர்ச்சி உண்டல்லவா, அது முழங்காலில் ஏறியது. மானிட்டர்மேல் அத்தை பின்னிய வெள்ளை லேஸ் துணி. மேசையில் மாமாவின் மூக்குக்கண்ணாடி, கால் மடக்காமல், இப்போதுதான் கழற்றி வைத்தது போல. நாற்காலியின் மெத்தையில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. நான் அதில் உட்காரவில்லை. நின்றுகொண்டு வேலை செய்வது முதுகுக்கு நல்லது என்று அத்தையிடம் சொன்னேன். அவர் காபி போடச் சமையலறைக்குப் போனார்.

ஒரே ஒயரில் இரண்டு டிஸ்க் சொருகினால், எது எஜமான், எது அடிமை என்று சொல்வதற்கு ஒவ்வொன்றின் பின்னாலும் அரிசி அளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டு. எஜமான் டிஸ்க்கில் இருப்பதுதான் திரையில் விழிக்கும். என்னுடையது எஜமானாகவும் மாமாவுடையது அடிமையாகவும் இருக்கவேண்டும். நான் அவசரத்தில் மாற்றிச் சொருகிவிட்டேன். (லேமினேட் செய்த சர்டிபிகேட்.) ரிப்பன் எட்டாததால் மாமாவின் டிஸ்க்கை வெளியே ஒரு முக்காலியில் துண்டு விரித்து வைத்தேன். மின்சாரம் கொடுத்தேன். டிஸ்க் இரண்டு தரம் தொண்டையைச் செருமியது. பிறகு சுற்றத் தொடங்கியது.

என்னுடைய பழைய திரை வரும் என்று காத்திருந்தேன். வந்தது அமலா சின்ன வயதில் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய படம், தலையில் வெள்ளைப் பூக்கிரீடம். கீழே மாமாவின் பெயர். என் கம்ப்யூட்டருக்குள் மாமா வந்து உட்கார்ந்துவிட்டார் என்பது எனக்குப் புரிவதற்குள், ஸ்பீக்கரிலிருந்து அவர் குரல் வந்தது.

"அலோர்... வந்துட்டியா? உக்காரு."

உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பள்ளத்திலேயே.

திரையின் மூலையில் கடிகாரம் ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதியைக் காட்டியது. மாமா திடகாத்திரமாக இருந்த வருஷம். பழைய கம்ப்யூட்டரில் பட்டன் பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னால் போகும், அது எனக்குப் பாடத்திலேயே வந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

விஞ்ஞானி அல்லவா, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தேடும் கட்டத்தில் அமலாவின் பெயரை அடித்தேன். ஏ அமுக்கினால் கியூ விழுந்தது. எம் அமுக்கினால் கமா விழுந்தது. அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் குனிந்து பார்த்து, ஒரே விரலால் அமுக்கினேன். மறுபடியும் கியூ, கமா, கியூ. நான் ஒன்று அமுக்க, இன்னொருவர் வேறொன்றை அடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் டைப் அடித்த விரல்கள் யாருடையவை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருமுறை நிறுத்திப் போட்டால் சரியாகிவிடும் என்று ரீஸ்டார்ட் கொடுத்தேன். கோர்சில் அவர்கள் சொல்லிக்கொடுத்த ஒரே மருந்து அதுதான். நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன். மறுபடியும் டிஸ்க் செருமியது. மறுபடியும் பூக்கிரீடம்.

"அலோர்... வந்துட்டியா? உக்காரு."

நான் நின்றுகொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? அலமாரியில் வில்லியனூர் மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்த பாட்டில் இருந்தது. செத்தவர்களுக்கு வெளிச்சம் எதற்கு என்று கேட்ட அந்தப் பகுத்தறிவாளன், மூடியைக் கடித்துத் திறந்து, பிதா சுதன் என்று ஆரம்பித்து, பரிசுத்த ஆவி வருவதற்குள் அரை பாட்டில் தண்ணீரையும் திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குள் ஊற்றினான். பட்டென்று ஒரு நீல வெளிச்சம். கருகல் நாற்றம். திரை அணைந்தது, மின்விசிறி அணைந்தது, சமையலறையில் ஃபிரிட்ஜ் அணைந்தது.

அந்த நிசப்தத்தில் அத்தை வாசற்படியில் நிற்பதைப் பார்த்தேன். குரலைக் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்திருக்கிறார். கையில் மாவோ சர்க்கரையோ ஒட்டியிருந்தது. முகத்தில் பயம் இல்லை. மாமா அந்தக் குரலைத் தானே பதிவு செய்து, கம்ப்யூட்டர் விழிக்கும்போதெல்லாம் தன்னைத் தானே வரவேற்றுக்கொள்ளும்படி வைத்திருந்தார் என்பது அத்தைக்குத் தெரியும். பல வருஷம் காலையில் காபி கலக்கும்போது கேட்ட குரல். எட்டு மாதம் கழித்து இப்போதுதான் கேட்டிருக்கிறார். அதைத்தான் நான் அவர் கண்ணெதிரே தண்ணீர் ஊற்றி அணைத்தேன்.

அத்தை என்னைத் திட்டவில்லை. பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்தார்.

"பேயாவே இருந்தாலும் இருந்துட்டுப் போறாரு. உனக்கு என்னடா?"

வாழ்க்கையில் நிறையப் பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்த நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

அமலாவுக்குப் போன் செய்து ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது. எழுத்து மாறி விழுந்த கதையைச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிரெஞ்சுக்காரர்களின் கீபோர்டில் ஏ இருக்கவேண்டிய இடத்தில் கியூ இருக்குமாம். மாமாவுக்கு அந்த வரிசைதான் கைப்பழக்கம். சாதாரணக் கீபோர்டை வாங்கி, உள்ளே மட்டும் பிரெஞ்சு வரிசைக்கு மாற்றி வைத்துவிட்டார். கட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் என்றைக்குப் பார்த்தார்? சிரித்து முடித்ததும், "அத்தான், டிஸ்க் நனஞ்சுதா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொன்னேன். நேர்மையாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

கருவடிக்குப்பத்தில் டைப்பிங் சென்டர் நடத்தும் ஓர் அம்மாவிடம் அதே காலத்துக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. நடந்ததை முழுக்கக் கேட்ட அந்த அம்மா, தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, அரிசித் துண்டைச் சரியான இடத்துக்குத் தள்ளினார். "தம்பி, நீங்க வெளிய போயி ஒரு டீ சாப்ட்டு வாங்க" என்றார். மூன்று டீ சாப்பிட்டேன். தண்ணீர் என் கம்ப்யூட்டரைத்தான் கொன்றிருந்தது. முக்காலியில் இருந்த டிஸ்க்கில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. பதிவு கிடைத்துவிட்டது. ஆனால் யாரும் கேட்கவில்லை. அப்பா எந்த நாளில் போடச் சொன்னாரோ அந்த நாளில்தான் கேட்பேன் என்று அமலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கல்யாண வரவேற்பில் லேப்டாப்பை ஸ்பீக்கரோடு இணைத்துப் பொத்தானை அமுக்கும் வேலையை மட்டும், பாவம் என்று, எனக்குக் கொடுத்தார்கள். அமுக்கினேன். மண்டபம் அடங்கியது. மாமா எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். யாரென்றே தெரியாத மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிரெஞ்சில் நாலு வார்த்தை சொன்னார். பிறகு, "இது உங்க காதுல விழுதுன்னா பொட்டி நல்லா இருக்குதுன்னு அர்த்தம். ஒருவேள கெட்டுப்போச்சுன்னா, விக்டருக்கு மட்டும் சொல்லாதீங்க. சரி பண்றேன்னு வந்து நிப்பான்" என்றார்.

மண்டபமே வெடித்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. பதிவு அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசிச் சிரிப்பு அடங்கிய அந்த நொடியில் மாமா பேசினார்.

"சிரிச்சது போதும். அமலா, நான் வரலன்னு அழாத. நீ மொத நாளு பள்ளிக்கூடம் போனப்ப நீ திரும்பியே பாக்கல. நான் வாசக் கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன்."

அமலா திரும்பி மண்டபத்து வாசலைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். அங்கே ஐஸ்கிரீம் தட்டோடு ஒரு பரிமாறும் ஆள் நின்றிருந்தார். இருநூறு பேர் ஏன் அழுதுகொண்டே தன்னைப் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் நின்றாலும், முதலில் யாராவது குரலைத் தாழ்த்தி, "விக்டருக்கு மட்டும் சொல்லாதீங்க" என்பார்கள். போன மாதம் என் லேப்டாப்பையே என் மனைவி எனக்குத் தெரியாமல் கடையில் கொடுத்து வாங்கி வந்தாள். அமலா வீடியோ காலில் வந்தபோது இதைச் சொல்லி எல்லோரும் என்னை வைத்து நன்றாகச் சிரித்தார்கள். அமலாவின் ஐந்து வயது மகள் போனுக்குள் முகத்தை நுழைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "சிரிச்சது போதும்" என்றாள். அந்தப் பதிவை அவளுக்கு ஒருநாளும் போட்டதில்லை என்று அமலா சத்தியம் செய்கிறாள். நான் எதுவும் விசாரிக்கவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினேன்.