சக்கரம் வைத்த தொழிற்சாலை

இனிமேல் செத்தாலும் ஒருத்தருக்கும் 'சரி மேடம்' போடுவதில்லை என்று அவர் சபதம் செய்தார். அலுவலகத்தில் மேலதிகாரி அம்மாளுக்குத் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்தே சுளுக்கிக்கொண்டதாம். வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, வந்த பணத்தில் ஒரு த்ரீடி பிரிண்டர் வாங்கி வந்தார். கம்ப்யூட்டரில் ஒரு சாமானை வரைந்தால் போதும், அந்த மெஷின் பிளாஸ்டிக்கை உருக்கி, அடுக்கடுக்காக இழைத்து, சாமானையே கையில் கொடுத்துவிடும். கைப்பிடி, கொக்கி, தாழ்ப்பாள் என்று செய்து இணையத்தில் விற்பதாகத் திட்டம்.

அன்றிலிருந்து அவருக்கு முதலாளி என்று பெயர். வைத்தவள் மனைவி. அங்கே தொழிலாளி என்று ஒரு ஈ காக்கை கூடக் கிடையாது.

தொழிற்சாலைக்கு இடம் வேண்டுமே! வீட்டில் நல்ல வெளிச்சமான இடம், பெரிய ஜன்னல் வைத்த பின்னறை. அங்கேதான் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. அவள் கடைக்குப் போய் நூல்கண்டு வாங்கி வருவதற்குள், அது மாடிப்படிக்குக் கீழே செருப்புகளுக்குப் பக்கத்தில் குடியேறியிருந்தது.

"ஏங்க, இது என்ன கூத்து?"

"தொழில் வளர்ச்சி."

"பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. கட்டுக் கட்டா யூனிஃபார்ம் கிடக்கு. கருநீலத் துணி, கருநீல நூலு. இந்த இருட்டுல ஊசி எது, விரல் எதுன்னே தெரியல."

"லைட்டைப் போட்டுக்கோ."

"போட்டா என் நிழலே துணி மேல விழுது. எனக்கு ஜன்னல் வேணும்."

"அந்த மேஜை மலை மாதிரி கனம். நகர்த்த முடியாதும்மா."

"சரி, அதாவது போகட்டும். சமையலறை அலமாரிக் கைப்பிடி உடைஞ்சு கிடக்கு. கரண்டிக் காம்பை விட்டு நெம்பித்தான் திறக்கறேன். உங்க மெஷின்ல ஒண்ணு செஞ்சு குடுங்களேன்."

"வீட்டு வேலையெல்லாம் இங்க எடுக்கறதில்ல. கஸ்டமர் ஆர்டர் மட்டும்தான்."

"கஸ்டமர் சொன்னா மட்டும்?"

"தலைகீழாக்கூட நிப்பேன்!"

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் யூனிஃபார்ம் கறையாகும் என்று அடக்கிக்கொண்டாள். ஊசி குத்திய விரலை வாயில் வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

இணையக் கடையில் ஈயாடியது. முதலாளி போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையில் பார்த்தார், சாப்பிடும்போது பார்த்தார், குளியலறைக்குள்ளும் கொண்டு போனார். கடைசியில் ஒருநாள் போன் 'டிங்' என்றது. 'வெளிச்சம்' என்ற பெயரில் ஒரு ஆர்டர். அலமாரிக்குக் கைப்பிடி ஒன்று. ஒரு வங்கிக் கிளை முகவரிக்கு அனுப்ப வேண்டும்.

'அன்புள்ள ஐயா' என்று பதில் எழுதினார்.

'ஐயா இல்லை, மேடம்' என்று வந்தது.

'சரி மேடம்' என்று தட்டிவிட்டார். சபதம் ஞாபகம் வருவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

கைப்பிடி போன வேகத்தில் புகார் வந்தது. ஓரம் கையைக் கிழிக்கிறதாம். மாற்றிச் செய்தார். பிடி மெல்லிசாம். மறுபடி செய்தார். அடுத்து, கனமான சாமான் மாட்ட ஒரு கொக்கி கேட்டார் மேடம். வளைவு சரியில்லை என்று அதையும் திருப்பித் திருப்பி விரட்டினார். ஒவ்வொன்றுக்கும் 'சரி மேடம்' போட்டார் முதலாளி. வாயெல்லாம் பல்லாக வேறு போட்டார்.

"பார்த்தியா, தொழில்னா இதுதான்" என்று மனைவியிடம் மார்தட்டினார்.

"ரொம்ப அதிகாரம் பண்றாங்களோ?"

"சேச்சே! நியாயமான அம்மா. தரம் தெரிஞ்சவங்க."

"அப்படியா? சந்தோஷம்" என்றாள் அவள், பாவாடையின் மடிப்பை நீவிக்கொண்டே.

பிறகு மேடம் எழுதினார்: 'கொக்கி ஒரு பக்கம் வளைந்திருக்கிறது. ஜன்னல் பக்கத்தில் வைத்துச் செய்தீர்களா? காற்று பட்டால் பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். காற்றில்லாத மூலையாகப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே என்றால் உத்தமம்.'

இணையத்தில் தேடிப் பார்த்தார். காற்று பட்டால் கோணும் என்பது உண்மைதான். நம் வீட்டில் மாடிப்படி இருப்பது வரைக்கும் ஊகித்துவிட்டார்களே, என்ன அனுபவம் என்று மெய்சிலிர்த்தார்.

'மேஜை கனம், நகராது மேடம்' என்று எழுதினார்.

'அப்படியானால் சக்கரம் செய்யுங்கள். உங்கள் மேஜையிலேயே மாட்டி உருட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் எனக்கும் ஒரு செட் வேண்டும்.'

'சரி மேடம்!'

நாலு சக்கரமும் தயாராகின. மேஜைக்கடியில் படுத்து, முதுகு பிடித்துக்கொள்ள, முக்கி முனகி மாட்டி முடித்தார். மேஜை பூனை போல ஓசையில்லாமல் ஓடியது. மாடிப்படிக்குக் கீழே வந்ததும் தையல் மெஷின் குறுக்கே நின்றது.

"இதை எடு, எடு! கஸ்டமர் அவசரம்!"

"எங்கங்க வெக்கறது?"

"எங்க வேணா வெச்சுக்கோ. ஆளை விடு!"

"எங்க வேணாலுமா?"

"அட, ஆமாம்மா!"

வயரை இழுத்து, பிளக்கைச் செருகி, இருட்டில் தலையைப் படிக்கட்டில் இடித்துக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது, பின்னறையிலிருந்து சத்தம் கேட்டது. டர்ர்ர்... டர்ர்ர்... முதலாளி எட்டிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் கருநீலத் துணி மேல் விழுந்திருந்தது. மனைவி ஜம்மென்று உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், இது என் தொழிற்சாலை!"

"நீங்கதானே எங்க வேணா வெச்சுக்கச் சொன்னீங்க? காலியாத்தானே கிடந்தது?"

"அது சும்மா டெஸ்ட்டுக்கு! அங்க ஒரே இருட்டு, தலை வேற இடிக்குது. இரு, மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மெஷினை இங்கயே உருட்டிட்டு வந்துடறேன்."

"கேளுங்க. அவங்கதான் நியாயமான அம்மாவாச்சே."

'மேடம், மெஷினைப் பழைய அறைக்கே கொண்டு போகலாமா?' என்று தட்டினார்.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் 'டிங்' என்றது.

அப்போதுதான் அவர் சுவரைப் பார்த்தார். கத்தரிக்கோல் ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் திருப்பித் திருப்பிச் செய்த கொக்கி. கோணல் ஏதுமில்லாமல் கச்சிதமாகவே இருந்தது.

"வங்கிக்கார அக்கா ஜாக்கெட் தைக்கக் குடுக்க வந்தப்போ கொண்டாந்து குடுத்தாங்க. சமையலறைக் கைப்பிடி கூட நல்லா உழைக்குது. நீங்கதான் அந்தப் பக்கமே வர்றதில்லையே."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, நிதானமாகப் போனை எடுத்து ஏதோ தட்டினாள். அவர் கையில் 'டிங்' என்றது.

'முடியாது.'

முதலாளி போனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். உலகத்திலேயே தனக்கு இருக்கும் ஒரே கஸ்டமரையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தார்.

"சரி மேடம்" என்றார்.