உங்கள் தங்கையின் உருண்டை வேகாத காரணம்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

தாங்களும், எனக்குத் தங்கை முறையான தங்கள் வீட்டம்மாவும், பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் ஒரு கரண்டுப் பானையும் சுகம். தங்கள் வீட்டில் விருந்தாளியாக வந்து தங்கியிருக்கும் தங்கள் தங்கை, அதாவது என் மனைவி, எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டதாகவும் தாங்கள் சொல்ல வேண்டாம். இருமல் விட்டதா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

நடந்ததைத் தாங்கள் ஒரு பக்கமாகத்தான் கேட்டிருப்பீர்கள். மறுபக்கம் என்று ஒன்று இருக்கிறது, அது நான். பிஸ்கட் ஆலையில் நான் மேற்பார்வையாளராக இருந்த காலமெல்லாம், உங்கள் தங்கை காலையில் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குக் கிளம்பும் முன் மாட்டுக்கறி உருண்டைகளைத் தக்காளியும் வினிகரும் கலந்த புளிப்புச் சாற்றில் போட்டு, கரண்டுப் பானையை மூடிவிட்டுப் போவாள். பகல் முழுக்க அது தன்பாட்டுக்கு மெல்ல மெல்ல வேகும். மாலையில் நான் செருப்பைக் கழற்றும் முன்பே அந்தப் புளிப்பு வாசனை வாசலுக்கு வந்து கையைப் பிடித்து இழுக்கும். கரண்டி பட்டால் உடையும், நாக்கில் பட்டால் கரையும். இதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. பிறகு நான் ஓய்வு பெற்றேன். அன்று பிடித்த சனி, உருண்டை வேகவே இல்லை. மேலே சாறு, உள்ளே பச்சைக் கறி. அவளும் கறிக்கடையை மாற்றிப் பார்த்தாள், கறியை இரண்டு தடவை அரைக்கச் சொல்லிப் பார்த்தாள், உருண்டையைக் கோலிக்குண்டு அளவுக்குச் சிறிதாக்கிப் பார்த்தாள். ஒருநாள் மூடியைத் திறந்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வீட்டில் இருக்கிற தைரியத்தில் கவனம் குறைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

அதற்கப்புறம்தான் நீங்கள் எல்லோரும் விருந்துக்கு வந்தது. நீங்கள் மரியாதைக்காக ஒரு உருண்டையை மெல்லாமல் விழுங்கினீர்கள், நான் பார்த்தேன். வந்தவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டாமா? "வயசாயிடுச்சுல்ல, கைப்பக்குவம் போயிடுச்சு" என்றேன். இவ்வளவுதான் மச்சான் நான் சொன்னது. இதற்கு உங்கள் தங்கை தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது.

"அதே பானையில நீங்க ஒரு தடவை வேகவச்சுக் காட்டுங்க. வெந்துச்சுன்னா நானே பெட்டியத் தூக்கிட்டு வர்றேன். வேகலன்னா நீங்க எங்கண்ணன் வீட்டுக்கு வந்து, இதே ஆளுங்க முன்னாடி, உன் கையில தப்பில்லன்னு சொல்லணும்."

சொல்லிவிட்டு உங்கள் வண்டியில் ஏறிவிட்டாள். நீங்களும் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். இருக்கட்டும்.

நான் பிடித்தால் உடும்புப் பிடி என்பது ஆலை முழுக்கத் தெரிந்த சங்கதி. இந்த வீட்டையும் நான் அப்படித்தான் நடத்துகிறேன். உங்கள் தங்கையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், ஆனால் வேலைக்குப் போகும்போது சமையலறை விளக்கை எரியவிட்டுப் போவது அவளுடைய பிறவிக் குணம். எத்தனை சொல்லியும் கேட்டதில்லை. ஆலையில் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவன் சுவிட்சை அணைக்காமல் வந்தால் நான் அவனை விட்டுவைப்பேனா? ஓய்வு பெற்ற வாரமே, அவள் இல்லாத பகலில், சமையலறைக் கம்பிகளைப் பிரித்து, விளக்கு, காற்றாடி, மேடையில் இருக்கும் பிளக்கு எல்லாவற்றையும் கதவோரத்தில் ஒரே சுவிட்சுக்குள் அடக்கினேன். உள்ளே போனால் ஒரு தட்டு, வெளியே வந்தால் ஒரு தட்டு. அவளாகக் கவனித்து ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று நானாகச் சொல்லவில்லை. இன்றுவரை கவனிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கறிக்கடைக்குப் போனேன். கொழுப்பில்லாத கறியாகப் பார்த்து அரைத்துத் தரச் சொன்னேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"கொழுப்பே இல்லாம உருண்டை பிடிச்சா பந்து வெளையாடலாம் சார். வீட்ல அம்மா கொஞ்சம் கொழுப்பு கலந்துதான் கேப்பாங்க."

"எனக்கு எல்லாம் தெரியும்."

"அது தெரியுது சார்" என்று சொல்லிவிட்டு, நான் கேட்டபடியே அரைத்துக் கொடுத்தார்.

உருண்டை பிடிப்பதில் நான் ஆலை முறையைக் கையாண்டேன். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, கோணலாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினேன். தேறியது ஒரு பிடி, ஒதுக்கியது ஒரு மலை. கோணல் பிஸ்கட்டும் பிஸ்கட்தான் என்று வேலையாட்கள் என்னிடம் கெஞ்சியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் பானையில் போட்டேன். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கறியோடு பிசைய வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதைத் தங்கச்சி, அதாவது தங்கள் வீட்டம்மா, மறுநாள் ரகசியமாகப் போனில் சொன்னாள். நான் சொன்னதாக நீங்கள் அவளிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். அன்று பகல் முழுக்கப் போய்ப் போய்ப் பார்த்தேன். எப்போது போனாலும் பானையின் சிவப்பு விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. மாலையில் திறந்தால் உருண்டைகள் காலையில் போட்ட நிறத்திலேயே மிதக்கின்றன. வெதுவெதுப்பாக இருந்தது, குழந்தையைக் குளிப்பாட்டலாம். அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

கறிமேல் சந்தேகப்பட்டேன். அடுத்த தடவை கொழுப்போடு வாங்கினேன் (கடைக்காரர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார்), ரொட்டியும் முட்டையும் வெங்காயமும் போட்டுப் பிசைந்தேன். வேகவில்லை. வினிகர்தான் கறியை இறுக்குகிறது என்று முடிவுகட்டி, அதற்கடுத்த தடவை வினிகரைக் குறைத்துச் சர்க்கரையைக் கொட்டினேன். அப்போதும் வேகவில்லை. சாறு மட்டும் இருமல் மருந்துபோல ஆகிவிட்டது. மாடி வீட்டு நாய்க்கு வைத்தேன். அது என்னைப் பார்த்தது, தட்டைப் பார்த்தது, படியேறிப் போய்விட்டது. நான் விடவில்லை. ரிப்பேர்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். அவர் பானையில் தண்ணீரை ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து, என் கையால் இரண்டு தடவை டீ குடித்தார். தண்ணீர் மெல்லச் சூடேறி அழகாகக் கொதித்தது.

"பானையில ஒரு கோளாறும் இல்ல சார். வீட்ல வேற யாரு இருக்கா?"

"நான் மட்டுந்தான்."

"அப்படியா" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு வெளிச்சம் பட்டது. ஆளிருந்தால் கொதிக்கிறது, ஆளில்லாவிட்டால் வேகமாட்டேன் என்கிறது! இந்த ஜாதிப் பயல்கள் எத்தனை பேரை நான் ஆலையில் பார்த்திருக்கிறேன்! மேற்பார்வையாளர் தலை தெரிந்தால் ஓடி ஓடி வேலை, தலை மறைந்தால் மாவு மூட்டைமேல் தூக்கம். இது வேலைக் கள்ளப் பானை. இன்று காலை உருண்டைகளைப் பக்குவமாகப் பிடித்து, தக்காளியும் வினிகரும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்ந்த சாற்றில் போட்டு, நாற்காலியைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டு, பானைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாடி வீட்டுக்காரர் வந்து மணியடித்தார். இங்கிருந்தே கத்திப் பேசி அனுப்பினேன். இந்தக் கடிதத்தையும் பானைக்குப் பக்கத்தில் மேடைமேல் வைத்துத்தான் எழுதுகிறேன். மச்சான், சாறு கொதிக்கிறது. மூடி முணுமுணுக்கிறது. பழைய வாசனை வந்துவிட்டது. ஒரு உருண்டையைக் கரண்டியால் தொட்டேன், பாதி வெந்து மெத்தென்று இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

ஆகவே தீர்ப்பு என்னவென்றால், பானைக்கு மேற்பார்வை வேண்டும். உங்கள் தங்கை மேற்பார்வை இல்லாமல் விட்டுவிட்டுப் போனாள். தப்பு அவள் பக்கம்தான் என்பது இதனால் ருசுவாகிவிட்டது. பேசியபடி அவளைப் பெட்டியோடு அனுப்பிவைக்கவும். நான் ஜெயித்ததைச் சொல்லிக் காட்டமாட்டேன், ஒரு தடவைக்குமேல்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் தங்கச்சிக்கு என் நன்றியையும் (எதற்கென்று சொல்ல வேண்டாம்) தெரிவிக்கவும்.

என்றும் தங்கள் அன்புக்குப் பாத்திரமான,
மச்சான்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டு உறை எடுக்கக் கூடத்துக்கு எழுந்தேன். கதவைத் தாண்டும்போது கை தன்பாட்டுக்குச் சுவிட்சைத் தட்டியது. விளக்கு அணைந்தது. எனக்குப் பின்னால் மூடியின் முணுமுணுப்பு மெல்ல அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். சிவப்பு விளக்கும் இல்லை. தட்டினேன், இரண்டும் எரிந்தன. மறுபடி தட்டினேன், இரண்டும் அணைந்தன. பைத்தியக்காரன்போல எத்தனை தடவை தட்டினேன் என்று தெரியாது. நானே போட்ட கம்பி, மச்சான். அவள் விளக்கை எரியவிட்டுப் போனதாக நினைத்து, தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பும்போதெல்லாம் நான்தான் அவளுடைய பானையை அணைத்திருக்கிறேன். போய்ப் பார்த்தபோதெல்லாம் நான்தான் எரியவிட்டுப் பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்துவிட்டு அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நாளில், அந்தக் கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பாள்.

மேலே எழுதிய தீர்ப்பைக் கிழித்துப் போடவும். இதைத் தபாலில் அனுப்பவில்லை, நானே பஸ் ஏறி எடுத்து வந்து உங்கள் கையில் கொடுக்கிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் உங்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். அன்று விருந்துக்கு வந்த எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். ஒன்று மட்டும் உதவி செய்யுங்கள், பேச்சை வளர்க்காமல் அவளைச் சீக்கிரம் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள். உருண்டை வெந்து முடியட்டும் என்று பூட்டிய வீட்டுக்குள் சமையலறை விளக்கை எரியவிட்டு வந்திருக்கிறேன். ஆளே இல்லாத அறையில் சும்மா எரிகிறது, மச்சான்.