சிக்கிக்கொண்ட சென்சார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தீர்மானத்தோடு எழுந்தேன். தலை போனாலும் மச்சான் வீட்டுக்குப் போவதில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நல்ல மனிதர். முப்பத்தைந்து வருடம் ஊர் நிலத்தையெல்லாம் அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதினால்கூடப் பரவாயில்லை. வாசிக்கிறார். போன முறை போனபோது இருநூறாவது பக்கம் வரை வாசித்தார். அதில் அவருக்கு இன்னும் பால் பல்லே விழவில்லை.

"நான் வரவில்லை" என்று மனைவியிடம் நேராகச் சொல்லலாம்தான். இருபத்திரண்டு வருடத்தில் அப்படிப்பட்ட வாக்கியம் எதையும் நான் முடித்ததில்லை. அவள் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாய் திறந்திருக்கலாம், பேசக்கூடாது. அது அவளுடைய தொழில் பழக்கம்.

அவளுடைய காரை மகள் எடுத்துக்கொண்டு தோழி ஊருக்குப் போயிருந்தாள். வீட்டில் மிச்சமிருந்தது என் வண்டி. இருபத்துமூன்று வயதான, இரண்டே சீட் உள்ள, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதன் ஸ்டீரிங்கை இதுவரை வேறு யாரும் தொட்டதில்லை. அது ஓடினால் போகலாம். ஓடாவிட்டால்?

ஆறரை மணிக்குப் பூனை மாதிரி கார் ஷெட்டுக்குள் போனேன். எஞ்சினின் தலையில் ஒரு சென்சார் உண்டு. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சமாசாரம். உள்ளே சுழலும் தண்டு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கோள் சொல்வது அதன் வேலை. அதன் ஒயரைக் கழற்றிவிட்டு சாவியைத் திருப்பினேன். வண்டி இருமியது, உதறியது, மஞ்சள் விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டு ஒயரைப் பழையபடி செருகினேன். விளக்கு சீக்கிரத்தில் அணையாது. தடயமும் இல்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மனைவி பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டில எஞ்சின் லைட் எரியுது."

"எப்பலேர்ந்து?"

"நேத்து சாயங்காலம். மேம்பாலத்துல எண்பதுல வந்துட்டிருந்தேன். பட்டுனு எரிஞ்சுது."

"சூடா இருந்தப்பவா, ஆறினப்பவா?"

"நல்லா சூடா இருந்தப்ப."

"உங்க ஸ்கேனரைச் செருகி என்ன கோளாறுன்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேன். தண்டு சென்சார் போயிடுச்சு. அண்ணன் வீட்டுக்கு இன்னொரு நாள்தான்."

அவள் பேப்பரை மடித்தாள். "அந்த சென்சார் புதுசா ஒண்ணு ஒரு வருஷமா பீரோல தூங்குதே. மாத்திடுங்க. பத்தரைக்குக் கிளம்பினா போதும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "பழசு வெளியில வராதும்மா. சிக்கிட்டிருக்கும்."

"இழுத்துப் பார்த்தீங்களா?"

"பார்க்காமலே தெரியும்."

"அப்ப நான் வந்து பார்க்கறேன். குளிச்சிட்டு வரேன்."

அவள் குளித்துவிட்டு வர இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் வேலை நடந்த மாதிரி ஒரு காட்சியாவது அமைக்க வேண்டும். கையில் கிரீஸைப் பூசிக்கொண்டேன். சென்சாரின் ஒற்றை போல்ட்டைக் கழற்றினேன். பிறகு சும்மா ஒப்புக்கு அதைப் பிடித்து லேசாகத் திருப்பினேன்.

அது அசையவில்லை.

உண்மையிலேயே சிக்கியிருந்தது. நான் சொன்ன பொய் ஒன்று தானாகவே உண்மையானது அதுதான் முதல் தடவை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இருபத்துமூன்று வருடச் சூட்டில் வெந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு என்னிடம் முறைத்துக்கொண்டு நிற்பதா? ஒரு குறடு எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு.

டிக்.

தலை என் கையில். உடல் எஞ்சினுக்குள்.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

"சார், அதைத் தொடாதீங்க," என்றார் மெக்கானிக். "ஒரு சின்னத் துண்டு உள்ள விழுந்தாலும் எஞ்சினைப் பிரிக்கணும். ஸ்டார்ட் பண்ணிடாதீங்க."

"நீங்க கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா?"

"முடியாது சார். மாமனார் வீட்டுல இருக்கேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வரணும்னு எனக்கும் ஆசைதான் சார்."

டார்ச் அடித்து அந்தத் துளையைப் பார்த்தேன். ஓரமெல்லாம் பிசிறு. நான் மூச்சு விட்டாலே ஒன்று உள்ளே விழுந்துவிடும் போலிருந்தது. மச்சானின் அடுத்த இருநூறு பக்கத்தையும் கேட்கிறேன், என் எஞ்சினை மட்டும் காப்பாற்று என்று கடவுளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

மனைவி துளையைப் பார்த்தாள். என் கையிலிருந்த தலையைப் பார்த்தாள்.

"முறுக்கினீங்களா?"

"லேசா."

"வேர் உள்ள நிக்குது," என்றாள். அதே குரலில்தான் கிளினிக்கில் சொல்வாள். உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். கையுறை மாட்டினாள். துளையைச் சுற்றி எண்ணெய் விட்டாள். காத்திருந்தாள்.

"டார்ச்சை ஆட்டாதீங்க."

"கை நடுங்குது."

"மரத்துப்போக ஊசி போடவா?"

"வண்டிக்கா?"

"உங்களுக்கு."

பிசிறுகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மெல்லிய நெம்புகருவி ஒன்றை ஓரத்தில் நுழைத்து, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை அசைத்தாள்.

"எதையும் பிடுங்கக் கூடாது. ஆட்டி ஆட்டித்தான் வரவழைக்கணும்," என்றாள். அவள் எதைச் சொன்னாள் என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை. கால் மணி நேரம் அப்படியே போனது. கடைசியில் குறட்டால் பிடித்து மெல்ல இழுத்தாள். சொத்தைப் பல் மாதிரி கறுத்துப்போய், முழுதாக வந்தது.

புதிய சென்சாருக்கு எண்ணெய் தடவி, உள்ளே வைத்து, போல்ட் போட்டேன். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"லைட் இன்னும் எரியுதே," என்றாள்.

"பழைய கோளாறை ஸ்கேனர்ல அழிக்கணும். நான் அழிச்சிடறேன்."

"குடுங்க, நானே அழிக்கறேன்." ஸ்கேனரைச் செருகினாள். இரண்டு மூன்று பட்டனை அழுத்தினாள். "கோளாறு வந்த நிமிஷம் வண்டி எப்படி இருந்துச்சுன்னு இது எழுதி வெச்சிருக்குமில்ல? வாங்கின அன்னிக்கு ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தீங்களே."

நான் ஸ்கேனரை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"வேகம், பூஜ்யம். எஞ்சின் சூடு, இருபத்திநாலு டிகிரி." நிமிர்ந்து பார்த்தாள். "மேம்பாலத்துல எண்பதுல, நல்லா சூடா இருந்தப்பன்னு சொன்னீங்க."

என் பொய் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. நான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல் பேச்சு வரவில்லை.

அவள் கோபப்படவில்லை. அதுதான் கவலையாக இருந்தது. கையுறையைக் கழற்றினாள்.

"உங்களுக்கு வர இஷ்டமில்லைன்னா சொல்லியிருக்கலாமே. நீங்க வீட்டுல இருங்க. நான் மட்டும் போயிட்டு வரேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அவள் கையை நீட்டினாள். கிளினிக்கில் உதவியாளர் கருவியை எடுத்துக் கொடுப்பதுபோல என் கை தானாகச் சாவியைக் கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகுதான் எந்தச் சாவி என்பது உறைத்தது. அதற்குள் அவள் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, தெருமுனை தாண்டியிருந்தாள்.

நான் ஆசைப்பட்ட ஞாயிற்றுக்கிழமை அப்படியே கிடைத்தது. வாசலிலேயே உட்கார்ந்து அதைக் கழித்தேன். கிளட்ச் என்ன பாடுபடுகிறதோ. மூன்றாவது கியர் கொஞ்சம் அடம்பிடிக்குமே, அதைச் சொல்லவில்லையே. எங்கே ஹாரன் கேட்டாலும் எழுந்து நின்றேன். சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. ஒரு கீறல் இல்லை. எஞ்சின் சத்தம் நான் ஓட்டும்போது இருப்பதைவிட இதமாக இருந்தது. வலப்பக்கம் மனைவி இறங்கினாள். நான் ஓடிப்போய் பானெட்டைத் தடவிப் பார்ப்பதற்குள் இடப்பக்கக் கதவும் திறந்தது. முதலில் ஒரு பெட்டி இறங்கியது. அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிற்றால் கட்டிய தடித்தடியான மூன்று ஃபைல்கள். அதற்குப் பின்னால் மச்சான்.

"வாங்க மச்சான்," என்றேன்.

மனைவி சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "பக்கத்து சீட் காலியா வருதேன்னு அண்ணனைக் கூட்டிட்டு வந்துட்டேங்க. பத்து நாள் இருப்பார்."