மச்சான் கொடுத்த அச்சு

கைப்பிடியைச் சுற்றினால் தோட்டா அச்சுக்குள் போக வேண்டும். போனது. எதிர்ப்பக்கம் சுற்றினால் வெளியே வர வேண்டும். கைப்பிடி மட்டும் வந்தது.

உத்திராபதி அச்சைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பித்தளைக் கூடு இரும்புத் துளைக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அது சுட்டுத் தீர்ந்த காலித் தோட்டா. மருந்தும் இல்லை, ரவையும் இல்லை, வெடிக்கிற பேச்சே இல்லை. வெடித்திருந்தால்கூட அவர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். அச்சு அவருடையது இல்லை. ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை அற்றுப்போன மச்சானுடையது.

"கொளஞ்சி! இங்க கொஞ்சம் வா."

கொளஞ்சியம்மாள் மாவுக் கையோடு வந்தாள். "இன்னாத்த ஒடச்சீங்க?"

"ஒடைக்கலடி. சிக்கிக்கிச்சு."

"எண்ண தடவுனீங்களா?"

"எண்ணயா?"

"இட்லித் தட்டுலயே எண்ணயத் தடவிட்டுத்தான் மாவ ஊத்துறோம். இரும்புக்குள்ள பித்தளயப் போட்டு அமுக்குறீங்களே, எண்ண வேணாமா?"

"உங்கண்ணன் சொல்லலையே!"

"எங்கண்ணன் உங்களப் பாத்து வாயத் தொறந்ததே பெருசு. இதுல எண்ண வேற சொல்லணுமா?"

உத்திராபதிக்கு சிதம்பரத்துக்கு மேற்கே கரும்புக் கொல்லை. பயிர்க் காவலுக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தால் காட்டுப்பன்றிகள் ஓடிவிடும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் பன்றிகளுக்கும் தெரியும்போல. 2009 தேர்தலுக்குத் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனதும் அவை குடும்பம் குடும்பமாக வந்து கரும்பு தின்றன. தேர்தல் முடிந்து துப்பாக்கி வீடு திரும்பியபோது, இருந்த பழைய பித்தளைத் தோட்டா ஒன்றும் குழலுக்குள் நுழையவில்லை. காலிக் கூட்டில் திரும்பத் திரும்ப மருந்து நிரப்பிச் சுட்டால் கூடு ஊதிப்போகும். அச்சில் விட்டு அமுக்கினால்தான் பழைய அளவுக்கு வரும்.

அந்த அச்சு அந்தப் பக்கத்தில் ஒருவரிடம்தான் இருந்தது. கொளஞ்சியம்மாளின் அண்ணன் தட்சிணாமூர்த்தி கடலூரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் துப்பாக்கிக்கென்று தானே கடைந்து செய்துகொண்ட அச்சு அது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மகள் மாலதி கல்யாணம். தாய்மாமன் மாலையைக் கொடுத்து, பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். தட்சிணாமூர்த்தி சீர்த்தட்டோடு கடலூரிலிருந்து வருகிற வழியில் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். இங்கே ஐயர் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். உத்திராபதி பதறிப்போய், ஒன்றுவிட்ட மச்சான் ஒருவரைப் பிடித்து மாமன் இடத்தில் நிறுத்திவிட்டார். மாலை கைமாறிய நேரத்தில் தட்சிணாமூர்த்தி மண்டப வாசலில் வந்து நின்றார். தன் இடத்தில் இன்னொருவன் நிற்பதைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

தப்பு தன்மேல்தான் என்று உத்திராபதிக்கு அன்றைக்கே தெரியும். மறுநாளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். நாளைக்குப் போகலாம் என்று தள்ளினார். பிறகு, இத்தனை நாள் போகாமல் இப்போது எப்படிப் போவது என்று வெட்கம் வந்தது. வெட்கத்துக்கு வயசு ஏற ஏற அது மனுஷனைவிடப் பெரிசாகிவிடுகிறது.

பன்றிகள்தான் கடைசியில் அவரைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டன.

மச்சான் இளைத்துப்போயிருந்தார். பேச்சுக்குப் பேச்சு இருமினார். "வாடா மச்சான்" என்று தெருவே கேட்கக் கூப்பிடுகிற ஆள், "வாங்க" என்றார். அந்த 'ங்க' அடி வாங்கியதுபோல வலித்தது.

"தோட்டா ஊதிக்கிச்சு. அச்சு கெடைக்குமான்னு..."

"எடுத்துக்கிட்டுப் போங்க. உள்ள வச்சு அமுக்குனாப் போதும். வேல முடிஞ்சதும் நீங்களே நேர்ல கொண்டாந்து குடுங்க. ஆளுங்ககிட்ட குடுத்து வுடக்கூடாது."

"சரிங்க."

மச்சான் மனைவி அமிர்தம் காபி கொடுத்தாள். குடித்தார், கிளம்பினார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு முடிவு செய்தார். அச்சைத் திருப்பிக் கொடுக்கிற அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையையும் சொல்லிவிடுவது. 'தப்பு என்னுதுதான் மச்சான்.' வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

இப்போது அச்சு இந்த லட்சணத்தில் இருந்தது.

"பேசாம அப்படியே கொண்டுபோய்க் குடுத்துடுங்க. எங்கண்ணன் எடுத்துப்பாரு" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"ஆறு வருஷம் கழிச்சு ஒரு பொருளக் கேட்டு வாங்கியாந்து, அதையும் கெடுத்துட்டேன்னு போயி நிக்கச் சொல்றியா? சரி பண்ணிட்டுத்தான் போவேன்."

முதலில் நல்லெண்ணெயை ஊற்றினார். சிக்கிய பிறகு ஊற்றிய எண்ணெய் தோட்டாவைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. மேஜையில் வழிந்து, அவர் வேட்டியில் இறங்கி, எறும்பைக் கூட்டி வந்தது.

அடுத்து, சூடு பண்ணினால் இரும்பு விரிந்து விட்டுக்கொடுக்கும் என்று இட்லிக் குண்டானில் போட்டுக் கொதிக்க வைத்தார். இரும்பு விரிந்தது. பித்தளை அதைவிட ஜாஸ்தி விரிந்தது. முன்பு சிக்கியிருந்த தோட்டா இப்போது குடியேறிவிட்டது.

"என் குண்டான்!" என்று கொளஞ்சியம்மாள் கத்தினாள். அன்றைக்கு இட்லியைச் சாப்பிட்டவர்களுக்கு அவள் ஏன் கத்தினாள் என்று புரிந்தது.

அதற்கப்புறம் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கி வந்து அச்சைப் புதைத்தார். பிறகு ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். தோட்டாவின் வாய் உள்பக்கமாக மடங்கிக்கொண்டது. அச்சில் மீன் வாடைதான் மிச்சம்.

அமிர்தம் போன் செய்தாள். "அண்ணே, அச்சு என்னாச்சுன்னு கேக்குறாரு."

"நல்லாருக்கு தங்கச்சி. இன்னும் நாலஞ்சு தோட்டா பாக்கி. முடிச்சிட்டு நானே வரேன்."

"ஒண்ணும் சிக்கல் இல்லையே?"

"ஒரு சிக்கலும் இல்ல!"

அந்தப் பக்கம் பின்னால் ஒரு இருமல் கேட்டது. "சரிங்கண்ணே, சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருந்த பழனிவேலிடம் போனார். மச்சான் வீட்டுக்கு மூன்றாவது தெருவில்தான் பட்டறை. அதனால் ஆனி மாத வெயிலில் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி தரையைப் பார்த்து நடந்தார்.

பழனிவேல் அச்சைப் பார்த்ததும், "எண்ண போடலியா?" என்றான்.

"யாரும் சொல்லல."

"வுடுங்க சார். நான் மீன்புடி போட்டுக்கே ஷாஃப்ட் கடையிறவன். இது ஒரு வேலையா? அடியில ஓட்ட போட்டு, ஸ்க்ரூ மரை போட்டு, போல்ட்ட ஏத்தி இழுத்தா வந்துரும்."

ஓட்டை போட்டான். போல்ட்டை ஏற்றினான். இழுத்தான். டக்கென்று சத்தம் கேட்டது. போல்ட்டின் தலை அவன் கையில் இருந்தது, உடம்பு உள்ளே.

"என்னப்பா?"

"முன்னாடி ஒண்ணுதான் சிக்கியிருந்துச்சு சார். இப்ப ரெண்டு." பழனிவேல் கூச்சமே இல்லாமல் சொன்னான். "நாளைக்கு வாங்க. ராவி எடுத்துர்றேன்."

அந்த 'நாளைக்கு' பல நாளாக நீண்டது. கடைசியில் அச்சு கைக்கு வந்தபோது, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. தோட்டா மட்டும் அசையவில்லை.

அதே வாரம் தட்சிணாமூர்த்தியை சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரல் என்றார்கள். கொளஞ்சியம்மாள் தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். ஆறு வருஷம் கடலூரில் இருந்த மச்சான் இப்போது கூப்பிடு தூரத்தில் படுத்திருந்தார். உத்திராபதி அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

"இன்னிக்கும் கேட்டாரு" என்றாள், வெறும் தூக்குச் சட்டியோடு திரும்பி வந்து.

"என்ன கேட்டாரு?"

"'அச்ச எடுத்துக்கிட்டு உங்கூட்டுக்காரர் வரலியா'ன்னு. வேற ஒண்ணும் கேக்கல. கண்ணு வாசலயே பாக்குது. போங்களேங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"அச்சு அச்சுன்னு உசுர வுடுறாரு. அதப் போயி இப்புடிப் பண்ணி வச்சிருக்கேன். எந்த மூஞ்சியோட போவேன் கொளஞ்சி?"

அன்றைக்கு அவர் சோற்றைத் தொடவில்லை. மச்சான் செத்துப்போய்விடுவாரோ என்ற பயம் முதல் தடவையாக அச்சு பயத்தைத் தாண்டி மேலே வந்தது. போட்டுத் திட்டட்டும், முகத்தில் வீசி எறியட்டும், போய்விடுவது என்று எழுந்தார். அச்சை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வாசலில் வாட்ச்மேன் பையைத் தொட்டுப் பார்த்தான். "இன்னா சார், கனமா இருக்கு?"

"அச்சு."

வாட்ச்மேன் பைக்குள் எட்டிப் பார்த்தான். இரும்புக் குழாய். அதன் அடியிலிருந்து ஒரு தோட்டாவின் பின்பக்கம் பளபளவென்று அவனைப் பார்த்தது.

"ஐயோ, தோட்டா! எல்லாரும் தள்ளுங்க!"

"காலிப்பா! காலித் தோட்டா!"

யார் கேட்டார்கள்? விசில் ஊதினான். ஆரஞ்சு விற்ற அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிக்குள் அச்சைப் புதைத்துவிட்டு, உத்திராபதியை வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். வெடித்தால் அவரோடு போகட்டும் என்பது ஏற்பாடு. போலீஸ் வந்தது. லைசென்ஸ் கேட்டார்கள். அது வீட்டுப் பெட்டியில் இருந்தது. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், ஆளனுப்பி லைசென்ஸை வரவழைத்தார்கள். ஏட்டய்யா அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்யா, அமுக்குறதுக்கு முன்னாடி எண்ண தடவ மாட்டியா?"

உத்திராபதிக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயா, அங்க எம்மச்சான் படுத்துருக்காரு. நான் அவரப் பாக்கணும்."

எச்சரித்து அனுப்பினார்கள். அவர் திரும்பி வரும்போது ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. அதே வாட்ச்மேன் இந்தத் தடவை மரியாதையாக, "காலைல வாங்க பெரியவரே" என்றான்.

காலையில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தபோது கொளஞ்சியம்மாளின் போன் அடித்தது. அவள் எடுத்துக் கேட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடலூரில் காரியம் முடிந்து, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பினார்கள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. உத்திராபதிக்குச் சொல்லாமல் கிளம்ப முடியவில்லை. சொல்லாமல் இருந்த ஆறு வருஷமே போதும் என்று இருந்தது. அமிர்தம் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். அவள் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து அச்சை எடுத்து வைத்தார்.

"தங்கச்சி, மச்சான் கையால செஞ்ச பொருளு. கெடுத்துட்டேன். அத மறைக்கத்தான் வராம இருந்தேன். அன்னிக்கே சிக்கிக்கிச்சு, போன்ல உங்கிட்ட பொய் சொன்னேன். கல்யாணத்துலயும் நாந்தான் தப்பு. அதச் சொல்லணும்னு எவ்வளவோ..." தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "எண்ண தடவணும்னு எனக்குத் தெரியாதும்மா. யாருமே சொல்லல."

அமிர்தம் அச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்கு எண்ண டப்பாவ எடுத்துக்கிட்டு உங்க பின்னாலயே ஓடியாந்தேண்ணே. அவருதான் என் கையப் புடிச்சு நிறுத்திட்டாரு. 'குடுக்காத புள்ள, சிக்கட்டும். சிக்குனா மறுநாளே என்னத் தேடி ஓடியாருவான்'னாரு."