நூற்றறுபது டிகிரியும் ஒரு மிதப்புக்கட்டையும்

என் வலது உள்ளங்கையைப் பற்றி எங்கள் மீனவ ஊர் கொக்கிளாயில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். ஓடிவந்த படகு என்ஜினில் அதை வைத்தால் போதும், சூடு எவ்வளவு, எதனால் வந்தது, இன்னும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான், கூலிக்கு வலை இழுத்து, சொந்தப் படகு வாங்கி, சொந்த ஐஸ் கடையும் போட்டது இந்தக் கையால்தான். (வாய்க்கும் பங்கு உண்டு என்பாள் என் மனைவி பிலோமினா.) அப்படிப்பட்ட கையை, அது தேவைப்பட்ட ஒரே நாளில், நான் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் என் மகள் ஜெசிந்தா போன வருடம் ஒரு பெட்டியோடு வந்து, ஐஸ் கடையின் பின்னறையைப் பிடித்துக்கொண்டாள். எரிபொருள் கலமாம். ஐதரசனும் காற்றும் உள்ளே போக, மின்சாரமும் தண்ணீரும் வெளியே வரும். சூடு கூடினால் உள்ளேயிருக்கும் மெல்லிய தாள் காய்ந்து எல்லாம் கெட்டுவிடும். அதைக் கண்காணிக்க, தலைமயிர் அளவான கண்ணாடி இழை ஒன்றைப் பெட்டிக்குள் விட்டிருந்தாள்.

"வெளிச்சம் இதுக்குள்ளால போய்த் திரும்பி வரும், அப்பா. சூடு கூடினா வாற வெளிச்சத்தின்ர நிறம் ஒரு துளி மாறும். அதை வைச்சு எந்த இடத்தில எத்தினை டிகிரி எண்டு லாப்டொப் சொல்லும்."

"இதுக்குப் போய் ஏன் பிள்ளை வெளிச்சமும் கண்ணாடியும்? நான் மேல கையை வைச்சுச் சொல்லுவனே."

"உங்கட கை உள்ளுக்குப் போகாது."

"என்ர கை போகாத இடம் இந்தக் கடல்லயே இல்லை!"

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். (படித்த பிள்ளைகளின் பதில் இதுதான்.)

கடை பிரிட்ஜை அந்தப் பெட்டி நான்கு மணித்தியாலம் ஓட்டிக் காட்ட வேண்டும். பார்க்க அவளுடைய பேராசிரியை வருகிறார். சரியாக ஓடாவிட்டால் ஆய்வு அத்தோடு சரி. பிள்ளையின் இரண்டு வருட உழைப்பும் போய்விடும். பாவம், சோற்றைக்கூடத் திரையைப் பார்த்தபடிதான் பிசைந்தாள்.

அவர் வரும் நாள் காலை, பெட்டி பிரிட்ஜை ஓட்டத் தொடங்கியிருந்தபோது, கேற்றடியில் பல்கலைக்கழக வான் வண்டி வந்து நின்றது. "ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ, அப்பா" என்றுவிட்டுப் பேராசிரியையைக் கூட்டிவர ஓடினாள்.

நான் பெட்டியில் கை வைக்கவில்லை. மாதா சத்தியமாக வைக்கவில்லை. ஆனால் பெட்டியிலிருந்து அந்த இழை தொய்ந்து தொங்கியது. பார்ப்பதற்கு அசல் தங்கூசி, எங்கள் நைலோன் தூண்டில் நூல். தொய்ந்த தங்கூசியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற மீனவன் இன்னும் பிறக்கவில்லை. மூலையில் கிடந்த, வலையில் கட்டும் தேங்காய் அளவு மிதப்புக்கட்டையை எடுத்து, அதில் இழையை இரண்டு சுற்றுச் சுற்றித் தொங்கவிட்டேன். இழை விறைப்பாக நின்றது. விருந்தாளி வரும்போது அறை ஒழுங்காக இருக்க வேண்டாமா?

திரையில் அறுபது என்று நின்ற எண், ஒரே தாவலில் நூற்றறுபது! எல்லாம் சிவப்பு. கீ, கீ என்று அலறல்.

"வெடிக்கப்போகுது! ஓடுங்கோ!"

கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வாசலில் பேராசிரியையை இடித்தபடி வெளியே பாய்ந்தேன். அந்த அம்மா ஓடவில்லை. உள்ளே போய்ப் பெட்டியின் மேல் மெதுவாக உள்ளங்கையை வைத்தார்.

"இது சாதாரணச் சூடுதானே..."

அவர் முடிப்பதற்குள், உடைத்த ஐஸ் ஒரு கூடை நிறைய அள்ளிக்கொண்டு வந்து கொட்டினேன். பாதி பெட்டியில். மீதி அவருடைய சேலையில்.

பிரிட்ஜ் ஒருமுறை முனகி நின்றது.

ஜெசிந்தா தொங்கிய கட்டையைப் பார்த்தாள். "அப்பா, இதை ஆர் கட்டினது?"

"எதை?"

"இழையை இழுத்தாலும் நிறம் மாறும். இழுவையோ சூடோ எண்டு லாப்டொப்புக்குத் தெரியாது, அப்பா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள்.

பேராசிரியை முந்தானையைப் பிழிந்தபடி கேட்டார்: "ஐயா, நீங்கள் கையை வைச்சே சூடு சொல்லுவீங்கள் எண்டு இவ எத்தினையோ தரம் சொன்னவா. ஏன் வைச்சுப் பாக்கேல்லை?"

நாற்பது வருடமாக ஊருக்கே வாய் காட்டியவன் நான். அன்று, வாழ்க்கையில் முதல்முறையாக, "பிழை என்ர, அம்மா. பிள்ளையில ஒரு பிழையும் இல்லை" என்றேன்.

பெட்டியைக் காயவைத்து ஒரு மாதத்தில் மறுபடி காட்டச் சொன்னார். இரண்டு நிபந்தனை. யாரும் இழுக்க முடியாதபடி இழையை மெல்லிய குழாய்க்குள் விட வேண்டும். ஐயாவை வெளியில் விட வேண்டும். அந்த நாளில் பெட்டி நான்கு மணித்தியாலமும் ஓடியது. நான் முற்றத்துக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். (பிலோமினா உண்மையிலேயே கட்டிவிடலாமா என்று கேட்டாள்.)

ஜெசிந்தா பாஸ் பண்ணிப் பெட்டியையும் கொண்டுபோய்விட்டாள். பின்னறைக் கதவில் அவள் தொங்கவிட்ட பலகை மட்டும் இன்னும் இருக்கிறது. கழற்றப் பிலோமினா விடுவதில்லை: "அப்பா உள்ளே வரக்கூடாது."

ஐஸ் வாங்க வருகிறவர்கள் வாசித்துவிட்டு, "இது ஆரின்ர அப்பா, அண்ணை?" என்பார்கள்.

"முந்திக் கடை வைச்சிருந்த ஆளின்ர பிள்ளை எழுதினது" என்பேன்.

உள்ளேயிருந்து பிலோமினாவின் சிரிப்புக் கேட்கும்.