மழை விழுந்தால் வெளியீடு கிடையாது

உலகத்தில் வேலை நடக்கவிடாமல் தடுப்பதையே வேலையாக, அதுவும் சம்பளம் வாங்காமல் செய்கிற ஒரே மனிதர் எங்கள் ‘பொறு’ அண்ணாச்சிதான்.

கோவில்பட்டியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கடைகளுக்கான ஒரு பில் புரோகிராமைக் கட்டி மேய்க்கிறார். இலவசம். அதன் உள்விவரம் முழுக்க இணையத்தில் திறந்து கிடக்கும். யாரும் கோளாறைச் சரிசெய்து அனுப்பலாம். எந்தத் திருத்தம் எப்போது வெளியாகும் என்று முடிவு செய்வது அண்ணாச்சி. அநேகமாக அந்த முடிவு ஒரே சொல்தான்: “பொறு.”

பெரிய வெளியீடு என்றால் புது வீடு, சின்ன வெளியீடு என்றால் ஒழுகுகிற இடத்தை மட்டும் அடைப்பது. இது அவர் சட்டம். ஜெர்மனிக்காரர் ஒருவர் வரிக்கணக்கைத் திருத்தி, கையோடு பொத்தானுக்கு நீல நிறமும் பூசி அனுப்பினார். அண்ணாச்சி கொதித்துப்போனார். “ஓட்டையை அடைக்கச் சொன்னா வெள்ளையடிச்சிட்டு வந்து நிக்கான்!”

வீட்டிலும் அப்படித்தான். அவர் குழாயைச் சரிசெய்யும்போது அவர் மனைவி, எங்கள் மதினி, கதவுக்கும் எண்ணெய் விடச் சொன்னால், “ஒரு நேரத்துல ஒரு கோளாறுதான்” என்பார். ஒருமுறை அப்படிச் சொன்ன மறுநாள் அவர் தட்டில் வெறும் இட்லி விழுந்தது.

“சட்னி எங்க?”

“அடுத்த வெளியீட்டுல வரும்” என்றார் மதினி.

எட்டாம் வகுப்போடு நின்ற நான் இதற்குள் வந்தது என் பயத்தால். பசுவந்தனையில் எனக்கு விதைக்கடை; பில் போடுவது அண்ணாச்சி புரோகிராமில்தான். பூட்டிய கடையைப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். “நடுவுல கரண்டு போயிட்டா? பில்லு பாதியில நின்னுட்டா?” என்று அவரை நச்சரிப்பேன். வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பார்கள். அவரோ, “ஏலே, இன்னும் நல்லாப் பயப்படு” என்று ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தார். என் பயத்துக்கும் ஒரு வேலை உண்டு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

பிறகு எந்தத் திருத்தமும் என் கடையில் ஓடிய பின்தான் உலகத்துக்குப் போனது. கூடவே இன்னொரு சட்டம்: விதைப்பு மழை விழுந்தால் வெளியீடு கிடையாது. அன்றைக்கு என் கடை வாசலில் ஊரே நிற்கும். கரிசலில் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். வெளிநாட்டுக்காரர்களே கோவில்பட்டி வானிலையைப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

ஒரு ஐப்பசியில் மழையும் கோளாறும் சேர்ந்து வந்தன. கடையைத் திறந்தால், உளுந்து விதை இருப்பில் இல்லை என்று கணினி பில் போட மறுக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் மூட்டைகள்!

“ஏப்பா, மூட்டை எங்க கண்ணுக்குத் தெரியுது, ஒன் மிஷினுக்குத் தெரியலையா?” என்று கூட்டம் கத்தியது. விதை முளைக்காவிட்டால் விவசாயிக்கு அந்தப் பில்தான் ஆதாரம். கையால் எழுதிக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

ரத்தான பில்லின் மூட்டைகளைத் திரும்பக் கூட்டாமல் இன்னொரு முறை கழித்துவிடும் கோளாறு அது. திருத்தம் தயார். உடனே வெளியிடச் சொல்லி ஜெர்மனிக்காரர் நெருக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு, “பொறு.” எனக்கு, “வாரேன்.”

ரோட்டில் தண்ணீர் நின்றதால் காட்டுப் பாதையில் வந்திருக்கிறார். சக்கரத்தில் கரிசல் அப்பி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, உரச்சாக்கில் சுற்றிய மடிக்கணினியோடு, வெறுங்காலில். “செருப்பை மண்ணு வாங்கிக்கிட்டுலே.”

திருத்தத்தை ஏற்றினார். கூட்டம் கத்தக் கத்த என்னிடம் கேட்டார்: “இப்போ என்ன பயம்?”

“மறுபடி ஒரு பில்லு ரத்தானா?”

ரத்து செய்து காட்டினார். இருப்பு சரியாகக் கூடியது. “வேற?”

“வேற ஒண்ணும் இல்லண்ணாச்சி.”

“நெசமாவா? ஒனக்கா?” என்று என் முகத்தையே பார்த்தார்.

கடைசி மூட்டை போகும்வரை வெறுங்காலோடு உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம்தான் உலகத்துக்கு வெளியிட்டார்.

இப்போதும் மேகம் கூடினால் ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். நான் கோவில்பட்டி ரோட்டைப் பார்க்கிறேன்.